ஹேண்ட் கியர் ஃபியட்டில் கியர் விழவில்லையா? செட்டிநாட்டில் இருந்துகொண்டே சரிசெய்யும் வழி

கோட்டையூர் வீட்டுக் கொட்டகையில் 1968 மாடல் ஃபியட் 1100 ஒன்று நிற்கிறது. எங்கள் ஐயா வாங்கியது. கியர் லிவர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும், மெக்கானிக்குகள் 'ஹேண்ட் கியர்' என்று சொல்லும் வகை. போன வருஷம் அதில் இரண்டாவது கியர் சில நேரம் விழும், சில நேரம் லிவர் பாதியிலேயே சிக்கி நிற்கும். முதலில் கொண்டுபோன பட்டறையில் "கியர் பாக்ஸ் போச்சு" என்றார்கள். பாக்ஸை இறக்கிப் பிரித்து, பேரிங் மாற்றி, திரும்ப ஏற்றினார்கள். 14,500 ரூபாயும் இரண்டு மாதமும் போயின. வண்டி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே லிவர் பழையபடி சிக்கியது. பாக்ஸ் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. லிவருக்கும் பாக்ஸுக்கும் நடுவில் போகும் கம்பிகளும், அவற்றின் மூட்டுகளில் உட்காரும் புஷ் என்ற வளையங்களும்தான் தேய்ந்திருந்தன. அதைச் சரிசெய்ய ஆனது 8,830 ரூபாய், 23 நாள்.

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இதே மாதிரி வண்டி துணி போர்த்தி நிற்கிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து அதை எடுத்து ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது கியரில். அவர்கள் பாக்ஸை இறக்கக் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஃபியட் 1100, பிரிமியர் பத்மினி இரண்டுக்கும் இது பொருந்தும். அம்பாசடர் ஹேண்ட் கியருக்குச் சோதிக்கும் முறையும் புஷ் கடையும் முறையும் பயன்படும், ஆனால் பாகங்கள் வேறு.

1. கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஹேண்ட் கியர் லிவருக்கு இரண்டு அசைவு உண்டு. நம் பக்கம் இழுப்பதும் அந்தப் பக்கம் தள்ளுவதும் எந்த வரிசை என்று தேர்வதற்கு. மேலும் கீழும் அசைப்பது அந்த வரிசையில் இருக்கும் கியரைப் போடுவதற்கு. இந்த இரண்டையும் ஸ்டியரிங் தண்டை ஒட்டியே இறங்கும் ஒரு ஷாஃப்ட் கீழே கொண்டுபோகிறது. தண்டின் அடியில் இருந்து இரண்டு கம்பிகள் பாக்ஸுக்குப் போகின்றன. வரிசையைத் தேர்வது செலக்டர் ராடு, கியரைப் போடுவது கியர் ராடு. ஒவ்வொரு மூட்டிலும் பின், புஷ், வாஷர், பின் கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் இருக்கும். மூட்டுக்கு அரை மில்லிமீட்டர் தேய்ந்தால்கூட ஐந்து மூட்டில் இரண்டரை மில்லிமீட்டர் ஆட்டம் சேர்ந்துவிடும். லிவர் நீளமாக இருப்பதால் அதன் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். மேலே லிவர் தொளதொளவென்று ஆடும், கீழே பாக்ஸில் இருக்கும் 'கை' (கம்பி மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) போகவேண்டிய தூரம் போகாது.

சோதனை இப்படி. இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். சில பல்சக்கரங்கள் நேருக்கு நேர் நின்றால் ஒரு கியர் உடனே விழாது. வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிவிட்டுத் திரும்பப் போடுங்கள். இன்ஜின் ஓடாதபோது எல்லாம் சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் 'கரகர' என்று சத்தம் வந்தால் கிளட்ச்சைப் பாருங்கள். அது முழுதாக விடவில்லை. நின்ற நிலையிலேயே ஒன்றிரண்டு கியர் விழாவிட்டாலோ, லிவர் சிக்கினாலோ, கம்பியைச் சந்தேகப்படுங்கள். இந்த வண்டிகளில் முதல் கியருக்கு சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சத்தமில்லாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியருக்குப் போனால் வரும் உறுமல் கோளாறில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டுப் பயந்துதான் பட்டறைக்கு ஓடுகிறார்கள்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து லிவரை மெதுவாக அசைக்க, மற்றவர் பானெட்டைத் திறந்து தண்டின் அடியையும், பிறகு வண்டிக்குக் கீழே பாக்ஸின் கையையும் பார்க்க வேண்டும். எனக்கு இதைச் செய்து காட்டியவர் காரைக்குடியில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் ஒரு வயதான மெக்கானிக். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு டார்ச் லைட்டை மட்டும் வாங்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தம்பி, லிவரை ஆட்டுங்க... இன்னும் ஆட்டுங்க. மேல நாலு விரக்கடை ஆடுது, கீழ கை அசையவே இல்லை. பாக்ஸை ஏன் இறக்குனீங்க?"

பின்னைக் கழற்றி அவர் என் கையில் போட்ட நைலான் புஷ் முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் தாள்போல மெலிந்தும், பிறைநிலா மாதிரி இருந்தது. அது உட்கார்ந்திருந்த துளையும் முட்டை வடிவமாகியிருந்தது. உள்ளே இருந்த கிரீஸில் நம்மூர்ச் செம்மண் கலந்து இறுகிப்போய், விரலில் தேய்த்தால் உப்புத்தாள் போல உறுத்தியது. இத்தனை வருஷம் அதுதான் புஷ்ஷை அரைத்துக்கொண்டிருந்தது.

பாக்ஸைத் தாங்கும் மவுன்ட் ரப்பரையும் அப்போதே பாருங்கள். அது அமுங்கிவிட்டால் பாக்ஸ் கொஞ்சம் இறங்கி உட்காரும். கம்பிகளின் நீளக் கணக்கே மாறிப்போகும். புது புஷ் போட்டும் கியர் சரியாக விழவில்லை என்று புலம்புகிறவர்கள் பலர் விட்டுவிடுவது இந்த ரப்பரை.

ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். கம்பி நீளம் சரியில்லாமல் கியர் முக்கால்வாசி மட்டும் விழுந்திருக்கலாம், அல்லது பாக்ஸுக்குள் ஸ்பிரிங்கோ பல்லோ தேய்ந்திருக்கலாம். முதலில் கம்பியைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் நழுவினால்தான் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

2. வழியில் சிக்கிக்கொண்டால்

லிவர் இரண்டு வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பலம் போட்டு இழுக்காதீர்கள். லிவரின் அடிப் பின் முறியும். இன்ஜினை அணையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பானெட்டைத் திறந்து தண்டின் அடியில் இருக்கும் இரண்டு கைகளையும் பாருங்கள். ஒன்று நடுவில் இருக்கும், மற்றது ஒருபக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்ததைக் கையால் நடுவுக்குக் கொண்டுவந்தால் 'டக்' என்று விடும். இன்ஜின் ஓடும்போது உங்கள் கையை உள்ளே விடவே கூடாது. கியரில் மாட்டியிருக்கும் வண்டி நகர்ந்துவிடும். கயிறு கட்டி இழுத்துப் போக வேண்டியிருந்தாலும் முதலில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகுதான்.

3. கழற்றும் முன் காகிதங்களை எடுத்து வையுங்கள்

கம்பி மாற்றுவதற்கு எந்த அலுவலகத்திலும் அனுமதி வாங்க வேண்டாம். ஆனால் சரிசெய்த வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டுமல்லவா? அங்கேதான் மாட்டிக்கொள்வோம். எனக்கு வண்டி தயாராகிவிட்டது, ஓட்ட இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸையாவது முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பெரிய வேலை, ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) இருக்கும் பெயர். நம் பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் காலமான பெரியவர்கள் பெயரிலேயே இருக்கும். வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டியது படிவம் 31. விற்று வாங்குவதற்கான படிவம் 30 வேறு. குழப்பிக்கொண்டு தப்பான படிவத்தை நிரப்பி ஒரு நாளை இழக்காதீர்கள். கூடவே இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், உங்கள் முகவரிச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும். அதனால் ஊருக்கு வந்த முதல் நாளே அதைத் தொடங்குங்கள், வண்டி வேலையைப் பிறகு பார்க்கலாம்.

வீடு பொதுவாக இருப்பதுபோல வண்டியும் பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தால், ஒரு ஸ்பேனரைக்கூட வைக்கும் முன் எல்லோரிடமும் பேசி எழுதி வாங்கிவிடுங்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் அதன் மதிப்பு ஏறும், அப்புறம் பேசுவது கஷ்டம். எங்கள் வீட்டில் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா வாட்ஸாப்பில் சம்மதம் சொன்னார். அது போதவில்லை, கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்டார்கள். தபாலில் வந்து சேரப் பதினோரு நாள்.

எந்த அலுவலகம் என்பது முகவரியைப் பொறுத்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவகங்கை மாவட்டம், டிஎன் 63. திருமயம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம், டிஎன் 55.

பதிவு காலாவதியாகியிருந்தால் படிவம் 25 போட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஒரு முறை புதுப்பித்தால் 5 வருஷம். 20 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி கட்டணம் 10,000 ரூபாய், பசுமை வரி தனி. வண்டியை நேரில் காட்ட வேண்டும் என்பதால் கியர் வேலை முடிந்த பிறகு போங்கள்.

50 வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் வண்டியாகப் பதியவும் 2021 ஜூலையில் வந்த விதிகளில் வழி இருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டியின் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிந்தால் 'விஏ' வரிசை எண். ஒன்றைக் கவனியுங்கள்: வின்டேஜாகப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான். வாரம் ஒருமுறை பிள்ளையார்பட்டிக்குப் போய்வர நினைக்கிறவர்களுக்கு சாதாரணப் புதுப்பித்தலே நல்லது. நான் அதைத்தான் செய்தேன்.

'ஹேண்ட் கியரைத் தூக்கிவிட்டு ஃப்ளோர் கியர் போட்டுவிடலாம், தொல்லை விட்டது' என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். தரைத் தகட்டை வெட்ட வேண்டியிருக்கும், அந்த வெட்டைத் திரும்ப ஒட்டவே முடியாது. வின்டேஜ் விதிகளும் வண்டி அதன் பழைய வடிவில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கின்றன. ஒரு சில நூறு ரூபாய்ப் புஷ்ஷுக்காக ஒரு வண்டியை அறுப்பது எனக்குத் தாங்கவில்லை.

4. கழற்றுவது: அளந்து, குறித்து, பிறகு

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். தண்டுக்குள் ஹார்ன் ஒயரும் இண்டிகேட்டர் ஒயரும் போகின்றன. பல வருஷம் நின்ற வண்டி என்றால் எலி கடித்த ஒயர் இருக்கும், பொறி பறக்கும்.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள். செங்கல்லை முட்டுக் கொடுப்பதை நம் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாடகைக்கு வாங்குங்கள், தரை உறுதியான சிமென்ட்டாக இருக்கட்டும். முற்றத்து ஆத்தங்குடிக் கல்லில் வேண்டாம், கல் வெடித்துவிடும்.

பின்கள் துருவில் பிடித்திருக்கும். துருநீக்கி எண்ணெயை முதல் நாள் ராத்திரியே அடித்து ஊறவிடுங்கள். சுத்தியலால் அடித்து எடுக்க முயன்றால் பின்னோடு கையும் வளையும்.

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டவர்கள்தான் பிற்பாடு நாள் கணக்கில் திண்டாடுகிறார்கள். லிவரை நியூட்ரலில் வைத்து, இரண்டு கம்பிகளின் பின்-மையத்தில் இருந்து பின்-மையம் வரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். கம்பிக்கும் கைக்கும் சேர்த்து ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட் வையுங்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது அதில் தெரியும். நாலு பக்கமும் போன் கேமராவில் எடுங்கள். வாஷர் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். தேய்ந்த புஷ் எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்ன உறையில் போட்டு 'தண்டு அடி, இடது' என்பது மாதிரி எழுதுங்கள். லேத் என்னும் கடைசல் பட்டறையிலும் கடையிலும் பேசப்போவது அந்தத் துண்டுகளை வைத்துத்தான்.

5. பாகம் தேடுவது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருப்பதால் அங்கே கிடைக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கினேன். ஒரு ஹெட்லைட் வளையம் கிடைத்தது, கியர் சம்பந்தமாக ஒன்றும் இல்லை. அங்கே நாளை வீணாக்காதீர்கள்.

உள்ளூர் ஆட்டோ ஸ்பேர் கடைகளில் ஸ்பிளிட் பின், வாஷர், லாக் நட் எல்லாம் கிடைக்கும். சில கடைகளில் பத்மினிக்கான புஷ் செட் தூசியோடு ஒரு டப்பாவில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். "ஹேண்ட் கியர் புஷ்" என்று சொல்லிக் கேளுங்கள். வெறும் "கியர் புஷ்" என்றால் வேறு வண்டியின் ஃப்ளோர் கியர்ச் சாமானை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இன்னொரு பொறி: பத்மினியில் கடைசியில் வந்த எஸ்1 மாடலுக்கு ஃப்ளோர் கியர். அதன் சாமான் நமக்கு ஆகாது.

பழைய கம்பி, கை, தண்டின் அடிப்பாகம் மாதிரி பெரிய துண்டு வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டைதான். அதிகாலையில் காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் எழும்பூர். அங்கிருந்து நடந்துபோகிற தூரம். அன்றே திரும்ப நினைக்காதீர்கள். கடை கடையாகப் பார்க்கத்தான் நேரம் போகும், ஒரு ராத்திரி தங்கும்படி திட்டமிடுங்கள். புதுச் சாமானுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளிலும் கேளுங்கள்.

புதுப்பேட்டையில் நான் கற்றுக்கொண்டது: கையில் சாம்பிள் இல்லாமல் போகாதீர்கள். 'ஃபியட் கியர் ராடு' என்றதும் மூன்று கடையில் மூன்று நீளத்தில் கம்பி நீட்டினார்கள். என் கம்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்றில்தான் வளைவு சரியாக இருந்தது. வளைவை மேசையில் கிடத்திப் பாருங்கள். வளைந்த கம்பியை நிமிர்த்திப் பெயின்ட் அடித்திருந்தால் அதில் தெரியும். மரை இருக்கும் முனையில் ஒரு நட்டைக் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். நடுவில் வெல்டிங் புடைப்பு இருந்தால் வேண்டாம். பில் கேளுங்கள். பில் தரமாட்டேன் என்கிற இடத்தில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள், அந்தச் சாமான் எந்த வண்டியில் இருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

மும்பையில் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் வரை சாலையில் ஓடின. வண்டியே குர்லாவில் தயாரானது. அதனால் அங்கே பாகம் வைத்திருப்பவர்கள் அதிகம். டெல்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார் கடைகளும் போனில் பேசி அனுப்புகிறார்கள். தூரத்தில் இருந்து வாங்கினால், சாமானை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். படம் அனுப்பிய பிறகுதான் பணம். சென்னையில் இருந்து வருவதாக இருந்தால் ஆம்னி பஸ் பார்சலில் போடச் சொல்லலாம், மறுநாள் விடிகாலையில் காரைக்குடியில் எடுத்துக்கொள்ளலாம். கம்பியை அட்டைக் குழாயில் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வளைந்து வரும்.

6. லேத் பட்டறையில்

உண்மையில் பாதி வேலை தேடலில் இல்லை, இங்கேதான். புஷ், பின் இரண்டையும் ஊரிலேயே கடைந்துகொள்ளலாம், கடையில் வாங்கியதைவிட நன்றாகப் பொருந்தும்.

பின்னை முதலில் பாருங்கள். தேய்ந்த பின்னுக்கு ஏற்றபடி புது புஷ் கடைந்தால் மூன்று மாதத்தில் திரும்ப ஆடும். பின் ஒரே சீராக இல்லாவிட்டால் இஎன்8 என்ற எஃகுக் கம்பியில் புதுப் பின் கடையச் சொல்லுங்கள். அடுத்து துளை. முட்டையாகிப்போன துளையில் புஷ்ஷைத் தட்டி உட்காரவைத்தால் நிற்காது. ஒன்று, துளையைக் கொஞ்சம் பெரிதாகச் சுத்த வட்டமாக ஆக்கி, அதற்கேற்ற தடிப்பான புஷ் போடலாம். இல்லையென்றால் துளையை வெல்டிங்கால் நிரப்பித் திரும்பத் துளைக்கலாம். சுற்றிலும் போதுமான இரும்பு மீதி இருந்தால் நான் முதல் வழியைச் சொல்வேன். வெல்டிங் என்றால் பாகத்தைக் கழற்றிக் கொண்டுபோய்த்தான் செய்ய வேண்டும். வண்டியில் வைத்தே வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள், பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் போகிறது.

புஷ்ஷுக்கு என்ன பொருள் என்று லேத்காரர் கேட்பார். நைலான் எளிதில் கிடைக்கும், ஆனால் ஈரம் உறிஞ்சி மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும், லிவர் இறுகும். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அவ்வளவு உறிஞ்சாது. காரைக்குடியில் கிடைக்காததால் திருச்சியில் இருந்து ஒரு அடி நீளக் கம்பியாக வரவழைத்தேன், ஆறு புஷ் போக மீதியும் இருந்தது. பித்தளையும் போடலாம், கிரீஸ் தவறாமல் வைக்க வேண்டும், அதிர்வுச் சத்தமும் மேலே லிவருக்கு வரும். அளவு சொல்லும்போது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி கேளுங்கள். 'டைட்டா இருக்கட்டும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அப்படித்தான் சொன்னேன். முதல் புஷ் இறுகிப்போய், லிவரைப் போட்டால் தானாகத் திரும்பி வரவில்லை. இருபக்கமும் விளிம்பு வேண்டிய இடத்தில் தொப்பி வடிவத்தில் இரண்டு துண்டாகக் கடைந்து இருபக்கத்தில் இருந்தும் செருகுங்கள்.

பின்னையும் பழைய புஷ்ஷையும் கையையும் சேர்த்தே கொடுங்கள். காகிதத்தில் அளவை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். லேத்காரர் வெர்னியரில் அளக்கும்போது பக்கத்தில் நின்று, அளவை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு: சின்ன வேலை என்பதால் பெரிய ஆர்டர்களுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஆயுத பூஜை வாரத்திலும் பொங்கல் வாரத்திலும் கொடுக்காதீர்கள். காலையில் பட்டறை திறக்கும்போதே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் அன்றே முடியும் வேலையும் உண்டு.

7. பூட்டி, நீளம் சரிசெய்வது

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகு பூட்டுங்கள். டெல்ரின், நைலான், பித்தளைக்குச் சாதாரண லித்தியம் கிரீஸ் போதும். ரப்பர் இருக்கும் மூட்டில் அதை வைக்காதீர்கள், ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். அங்கே சிலிகான் கிரீஸ். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. பழையதை நிமிர்த்திப் போட்டால் நடுவழியில் முறியும்.

நீளம் சரிசெய்யும்போது இரண்டு முனையும் நிஜமாகவே நியூட்ரலில் இருக்க வேண்டும். முன் சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கிளட்ச்சை மிதிக்காமல் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது தாராளமாகச் சுற்றினால் பாக்ஸ் நியூட்ரலில் இருக்கிறது. மேலே லிவரும் நடுவில் நிற்கட்டும். இப்போது கம்பியின் முனையைத் திருகி நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ, பின் துளைக்குள் விரல் பலத்தில் தானாக இறங்கும்படி கொண்டுவாருங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் நீளம் தப்பு. முன்பு எழுதி வைத்த அளவில் இருந்து தொடங்கினால் ஓரிரு சுற்றில் சரியாகும்.

கியர் ராடை முதலில் சரிசெய்யுங்கள், அப்புறம் செலக்டர் ராடு. இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எதனால் என்ன மாறியது என்றே தெரியாது. செலக்டர் ராடில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு கோடியில் ரிவர்ஸ் வரிசையும் மறு கோடியில் மேல் கியர் வரிசையும் இரண்டும் எட்டுகின்றனவா? ஒன்று எட்டி மற்றது எட்டாவிட்டால் அரைச் சுற்று, திரும்பச் சோதனை. லாக் நட்டை இறுக்கும்போது கம்பியும் சேர்ந்து திரும்பும், இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அணைந்த நிலையில் ஒவ்வொரு கியரையும் இருபது முறையாவது போட்டு எடுங்கள்.

8. செலவும் நாளும்

எனக்கு ஆனதை அப்படியே தருகிறேன். மெக்கானிக் கூலி மூன்று நடைக்கு 2,400. ஆறு புஷ் கடைய 1,080. மூன்று பின் 450. முட்டையான துளையைச் சரிசெய்ய 600. டெல்ரின் கம்பி 350. புதுப்பேட்டைப் பழைய கியர் ராடு 900. சென்னைக்குப் போய்வர, தங்க, சாப்பிட 2,100. மவுன்ட் ரப்பர் 650. கிரீஸ், பின், வாஷர் சில்லறை 300. என் கம்பியில் மரை அரித்துப் போயிருந்ததால்தான் சென்னைப் பயணம். உங்கள் கம்பி நன்றாக இருந்தால் 3,000 ரூபாய் அதிலேயே மிஞ்சும். ஆர்சி, இன்சூரன்ஸ் செலவு இந்தக் கணக்கில் இல்லை.

கழற்ற ஒரு நாள், பாகம் தேட ஒன்பது நாள், லேத்தில் எட்டு நாள், பூட்ட இரண்டு, ஓட்டிப் பார்க்க மூன்று. பத்து நாள் விடுமுறையில் வந்து முடித்துவிட நினைத்தால் முடியாது. கழற்றி, அளந்து, லேத்தில் கொடுக்கும் வரை ஒரு பயணம், பூட்ட இன்னொரு பயணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் கழற்றிய வண்டியைப் பட்டறை வாசலில் விட்டுவைக்காதீர்கள், வீட்டுக் கொட்டகைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். வெளியில் நின்றால் மற்ற சாமானும் காணாமல் போகும்.

கூலியை முன்பே பேசி, 'பாக்ஸை இறக்குவதாக இருந்தால் என்னிடம் கேட்ட பிறகுதான்' என்பதையும் சொல்லி வையுங்கள். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் திரும்ப வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

9. ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் விடிகாலையில், கூட்டமில்லாத சாலையில். நான் கோட்டையூரில் இருந்து பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான் வரை போய் வந்தேன். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடி, திருப்பத்தூர்ச் சாலையில் பழனிக்கு நடந்துபோகிறவர்கள் விடிய விடிய இருப்பார்கள். அப்போது அந்தப் பக்கம் சோதனை வேண்டாம். ஸ்பேனர் இரண்டு, ஸ்பிளிட் பின் நாலு, டார்ச், ஒரு துணி இவை வண்டியில் இருக்கட்டும்.

மேட்டில் இரண்டாவது கியரில் ஏற்றி, ஆக்சிலரேட்டர் பெடலை விட்டுப் பாருங்கள். நழுவாமல் நின்றால் கியர் முழுதாக விழுந்திருக்கிறது. திருமயம் பக்கத்து மேடுகள் இதற்கு வசதி. பிறகு வண்டி நன்றாகச் சூடான பிறகு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது விழுந்து, சூட்டில் விழாவிட்டால் புஷ் இறுக்கமாக இருக்கிறது, லேத்துக்குத் திரும்பப் போய் ஒரு மெல்லிய சீவல் எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் லாக் நட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், புது புஷ் படிந்த பிறகு கொஞ்சம் தளரும். அதன்பின் வருஷத்துக்கு இரண்டு முறை மூட்டுகளைத் துடைத்துப் பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிது வைத்தால் போதும். அழுக்குக் கிரீஸின் மேல் புதிதை அப்பினால் செம்மண் உள்ளேயே தங்கிவிடும். அளவு எழுதிய காகிதத்தையும் மீதி டெல்ரின் துண்டையும் ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறேன். டப்பாவின் மூடியில் எந்தப் புஷ் எந்தத் தேதியில் போட்டது என்று எழுதி ஒட்டியிருக்கிறது.